மதலேன் எனக்காக நேர்ந்த பிச்சை

என் அன்பு மதலேனுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றாதவன், இன்று காலையில் காப்பி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மனுசன் என்ன வம்பை இழுத்துக்கொண்டு வந்தாரோ என்று நீ அங்கே இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்ப்பாய். வம்புதான். ஆனால் இந்த முறை வம்பு முடிந்த பிறகு எழுதுகிறேன், பயப்படாதே.

இன்று சாயங்காலம் அந்தோணியார் திருநாளுக்குக் கொடியேற்றம். கொடி ஏறிய மறுநாள் காலையில் நான் துண்டை மடியாக ஏந்திக்கொண்டு ஏழு ஊர் பிச்சைக்குக் கிளம்ப வேண்டும். நீ தொடங்கி வைத்த வழக்கம். இந்த வருடம் போக மாட்டேன் என்று பங்குச் சாமியாரிடம் போன மாதமே சொல்லிவிட்டேன். உன் உயிரைக் கேட்டேன், ஆண்டவர் தரவில்லை. தராதவருடைய கோவிலுக்காக நான் எதற்கு வெயிலில் வீடு வீடாக நிற்க வேண்டும்? ஏழு மாதமாக எனக்கும் அவருக்கும் நடந்த வழக்கு இதுதான். நேற்று அது தீர்ந்தது. எப்படித் தீர்ந்தது என்று உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல?

இதை மறைவாக எழுதவில்லை. சாமியாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன், கோவிலில் அச்சடிக்கும் பங்குத் தாளில் போடுவதானால் போடட்டும். "நீங்க பெருமை பேசறது நாலு தெருவுக்குக் கேக்குது, தப்பு பண்ணுனதச் சொல்றது மட்டும் காதோட காதா சொல்றீங்க" என்று ஒருமுறை கேட்டாய். அன்று உன்மேல் கோபப்பட்டேன். இன்று நீ சொன்னபடி நாலு தெருவுக்கும் கேட்கட்டும்.

படிக்கிறவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. எருமப்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் கரண்டுக் கம்பி வராத காலத்தில், கிணற்றுக்குக் கிணறு ஆயில் என்ஜின்தான் தண்ணீர் இறைத்தது. என்ஜின் நின்றுபோனால் சூசை மேஸ்திரி வர வேண்டும். பெரிய தோட்டக்காரர்கள்கூட நம் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க மேஸ்திரி" என்று கைகட்டி நிற்பார்கள். நான் உடனே எழுந்திருக்க மாட்டேன். செய்தித்தாளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை படித்து முடித்த பிறகுதான் ஸ்பானர் பையை எடுப்பேன். யார் வீட்டிலும் ஒரு வாய் மோர் வாங்கிக் குடித்தவனில்லை. குடிக்கிற தண்ணீரை என் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு போவேன். யாரிடமும் கை நீட்டாதவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்கு நீ ஒரே வார்த்தையில், "திமிரு" என்று பெயர் வைத்தாய்.

அந்தத் திமிர் ஒரு குடும்பத்தையே காயப்போட்டது. செங்கோடனுக்கு ரெண்டு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ஒரு பழைய என்ஜின். என்ஜின் நின்றபோது அவன் என்னிடம் வராமல் வேறொரு மெக்கானிக்கைக் கூட்டிவந்துவிட்டான். அந்த ஆள் கழற்றிய என்ஜினைத் திரும்ப மாட்டத் தெரியாமல் போய்விட்டான். அதன் பிறகு செங்கோடன் நம் வாசலுக்கு வந்தான். "மொதல்ல தொட்டவன் எவனோ அவனையே கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் வந்தான். "மேஸ்திரி, தப்புத்தானுங்க. வெங்காயம் காயுதுங்க. உங்க கால்ல உளுகறேனுங்க" என்றான். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. நான்காம் நாள் அவன் வரவில்லை. வெங்காயத் தாள் வயலிலேயே சருகாகிப்போனது. பெண்டாட்டி பாவாயியை ஆடுகளோடு ஊரில் விட்டுவிட்டு, எடப்பாடிப் பக்கம் தறிக் கூலிக்குப் போய்விட்டான். அன்று நீ எனக்குச் சோறு போட்டுவிட்டு நின்றபடியே கேட்டாய்: "என்ஜின வேற ஆளு தொட்டதுக்கு அவிய தப்பு பண்ணுனாங்க. வெங்காயம் என்ன தப்புங்க பண்ணுச்சு?" நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன். அடுத்த முறை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதும் அதைச் சொல்லவில்லை. தொழில் விஷயம், கோவிலுக்கு எதற்கு என்று ஒதுக்கிவிட்டேன்.

அடுத்த கோடையில்தான் நான் கிணற்றுக்குள் விழுந்தேன். ஒரு தோட்டத்தில் தண்ணீர் கீழே போய்விட்டதால் என்ஜினைக் கிணற்றுக்குள்ளேயே ஒரு மேடையில் இறக்கி வைத்திருந்தார்கள். உள்ளே வைத்து ஓட்டினால் புகை மேலே ஏறாமல் தேங்கும், ஆளை மயக்கிவிடும் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவன் நான். நமக்கு ஒன்றும் ஆகாது என்று நானே ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன். அதற்கு மேல் ஞாபகம் இல்லை. நாலு பேர் கயிறு கட்டித் தூக்கினார்களாம். சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் நினைவில்லாமல் கிடந்தேன். அந்த ஐந்து நாளில் ஒருநாள், வராந்தாவில் முழங்காலில் நின்று நீ நேர்ந்துகொண்டாய்.

வீட்டுக்கு வந்து, கோலை ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகுதான் அதை என்னிடம் சொன்னாய்.

"அந்தோணியாருக்கு நேந்துக்கிட்டிருக்கறனுங்க."

"என்னன்னு?"

"நீங்க எந்திரிச்சு நடந்தா, ஏழு ஊருல பிச்சை எடுத்து, அவரு திருநாளைக்கு ஏழைகளுக்குச் சோறாக்கிப் போடுவீங்கன்னு."

"நானா?"

"படுத்துக் கெடந்தது நீங்கதானுங்களே."

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வீட்டில் ஒரு பாத்திரம்கூட இருந்த இடத்தில் இல்லை. பிழைத்ததற்கு மூட்டை மூட்டையாக அரிசி வாங்கி நானே சோறு போடுகிறேன் என்றேன். "அரிசி குடுக்கறதா நான் நேந்துக்கலீங்க, பிச்சை எடுக்கறதாத்தான் நேந்துக்கிட்டேன்" என்றாய். என்னைக் கேட்காமல் என் பேரில் எப்படி நேரலாம் என்றேன். "உங்களக் கேக்கலாம்னுதான் பார்த்தேன். நீங்க கண்ணு முழிக்கோணுமே" என்றாய். உன்னோடு வழக்காடி நான் ஜெயித்ததே இல்லை.

ஆனால் அந்த முறை ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். நேராகப் பங்குச் சாமியாரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒருவர் செய்த நேர்ச்சை இன்னொருவரைக் கட்டாது, சூசை. உங்களுக்குக் கடமை ஒன்றும் இல்லை. மனமிருந்தால் செய்யலாம்" என்றார். சாமியாரே சொல்லிவிட்டார் என்று துள்ளிக்கொண்டு வந்து உன்னிடம் சொன்னேன். நீ முகம் சுளிக்கவில்லை.

"அப்பச் சரிங்க. நேந்துக்கிட்டவ நானு. நானே போறேன்" என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முந்தானையை மடியாக ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாய். என்ஜின் மேஸ்திரி சம்சாரம் பிச்சை எடுக்கிறது என்று பக்கத்து வீட்டில் குரல் கேட்டது. கோலோடு ஓடிவந்து மூன்றாவது வீட்டு வாசலில் உன்னைப் பிடித்தேன்.

"உள்ள வா மதலேனு. மானம் போகுது."

"யாரு மானமுங்க?" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க போறதா இருந்தா நான் ஊட்டுக்கு வந்தர்றேன்" என்றாய்.

எனவே நான் பக்தியோடு கிளம்பியவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நீ தெருவில் நிற்பதை ஊர் பார்க்கக் கூடாது என்றுதான் கிளம்பினேன். திமிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பிச்சைக்குப் போனேன். ஆண்டவர் அதையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மாட்டின் கழுத்தில் கயிறு விழுந்துவிட்டது, எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தால் என்ன என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

முதல் நாள் கூத்து உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சலவை வேட்டி, தோளில் துண்டு, வெறுங்கால். எல்லாம் நீ சொன்னபடிதான். ஆனால் பழக்கத்தில் ஸ்பானர் பையைச் சைக்கிளில் மாட்டித் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். முதல் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும், "அட, மேஸ்திரியா! ஒரு சொல்லு சொல்லியுட்டிருந்தா வண்டி அனுப்பியிருப்பமுங்களே" என்று கட்டிலை எடுத்துப் போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "என்ஜினு ரெண்டு நாளா இருமுதுங்க, வந்ததே வந்தீங்க, ஒரு பார்வ பாத்துருங்க" என்றார்.

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. வாய் திறந்து பிச்சை கேட்பதைவிடப் பத்து என்ஜின் பிரிக்கலாம். கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன். கிளம்பும்போது ரெண்டு படி அரிசியை அவராகவே கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. இவ்வளவு சுலபமா என்று சாயங்காலம் கால் மூட்டை அரிசியோடு ராஜா மாதிரி வந்து இறங்கினேன்.

"கேட்டீங்களா?" என்றாய்.

"கேக்காமயே குடுத்தாங்க புள்ள!"

நீ என் கை நகத்தைப் பார்த்தாய். கிரீஸ் கறுப்பாக ஒட்டியிருந்தது. மூட்டையைத் தூக்கி நம் வீட்டு அரிசிப் பானையில் கொட்டிவிட்டாய். "இது கூலிங்க. நம்ம சோத்துக்கு ஆகும். அந்தோணியாருக்கு நாளைக்குக் கேட்டு வாங்கிட்டு வாங்க." மறுநாள் காலையில் ஸ்பானர் பை உன் டிரங்குப் பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. சாவி உன் இடுப்பில். சைக்கிளையும் தொடக் கூடாது என்றாய். என் கையில் அந்தத் துண்டைத் தவிர எதுவும் இல்லை.

அன்றைக்கு இன்னும் கொஞ்சம் சட்டமும் போட்டாய். எந்த வாசலையும் தாண்டிப் போகக் கூடாது. போன வாசலுக்கு இன்னொரு தடவை போகக் கூடாது. இல்லை என்று சொன்னால் கும்பிட்டுவிட்டு நகர வேண்டும், முனகக் கூடாது. நான் மனதுக்குள்ளேயே முனகிக்கொண்டு நடந்தேன்.

முதல் வாசலில் துண்டைப் பிரித்து, மடித்து, திரும்பப் பிரித்துக்கொண்டு நின்றேன் மதலேன். அந்த வீட்டுப் பெண்பிள்ளை, "என்னுங்க மேஸ்திரி?" என்றது. "அந்தோணியாருக்கு" என்று நிறுத்திவிட்டேன். பிறகு எப்படியோ, "பிச்சை போடுங்க தாயி" என்றேன். அது பயந்துபோய் உள்ளே பார்த்து, "ஏனுங்க, மேஸ்திரிக்கு இன்னும் ஒடம்பு தேறலியாட்டம் இருக்குதுங்க" என்று புருசனைக் கூப்பிட்டது. அவர் வந்து விவரம் கேட்டுப் புரிந்துகொண்டு, உள்ளே போய் ஒரு படி அரிசி கொண்டுவந்து போட்டார். அதுவரை என் கைக்கு வந்ததெல்லாம் நான் வேலை செய்து வாங்கியது என்று நினைத்திருந்தேன். என் திறமை எதையும் காட்டாமல், நான் ஒன்றுமே செய்யாமல், ஒருவர் கொடுத்து நான் வாங்கியது அன்றுதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. கொஞ்சம் தூரம் நடந்த பிறகு, இந்த உயிரையும் இப்படித்தானே வாங்கியிருக்கிறேன் என்று தோன்றியது.

எல்லோரும் போட்டுவிடவில்லை. சில வாசலில் தூர நின்றபடியே வீசிப் போட்டார்கள், பாதி மண்ணில் விழுந்ததைக் குனிந்து பொறுக்கிக்கொண்டேன். சில வாசலில், "இன்னிக்கு ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க" என்றார்கள். என்னிடம் என்ஜின் வேலை வாங்கியவர்களே சொன்னார்கள். முதல் ஊரில் இப்படி யாராவது சொன்னால் உடம்பெல்லாம் எரியும். நீ ஒவ்வொரு சாயங்காலமும் எவ்வளவு சேர்ந்தது என்று கேட்கவே மாட்டாய். "இன்னிக்கு எத்தன பேரு இல்லைன்னாங்க?" என்றுதான் கேட்பாய். நான் சொல்லுவேன். "நகர்ந்தீங்களா?" என்பாய். நான்காவது ஊர் முடிந்த அன்று, "நகர்ந்தேன்" என்று பொய் கலக்காமல் சொன்னேன்.

ஆறாவது ஊரில் செங்கோடன் வீடு இருந்தது. அவன் இன்னும் எடப்பாடியிலிருந்து திரும்பவில்லை. பாவாயி ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தது. அந்த வாசலைத் தாண்டிப் போய்விடலாமா என்று மூன்று தடவை நினைத்தேன். உன் சட்டம் காலைக் கட்டியது. போய் நின்றேன்.

"பாவாயி, செங்கோடனுக்கு நான் செஞ்சது" என்று ஆரம்பித்தேன்.

"பிச்சைக்கு வந்தீங்களா, பேசறதுக்கு வந்தீங்களா?"

"பிச்சைக்குத்தானுங்க."

ஒரு கூலிக்காரன் பெண்டாட்டியிடம் நான் அவ்வளவு மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார் என்றே நினைத்தேன். பிறகு படியோடு வந்தார்.

"அரிசி இல்லீங்க. கம்புதான் இருக்குது. உங்க சாமி கம்பு திங்குமுங்களா?"

"திங்குமுங்க."

தலைகூட்டிக் குவித்து ஒரு படி போட்டார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு எத்தனை படி மிச்சம் இருந்திருக்கும்? எனக்குக் கண் நிறைந்து, துண்டு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. "கொட்டிப் போடாதீங்க சாமி, நேராப் புடிங்க" என்றார், அவ்வளவுதான். மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை அவர் பேசவில்லை. அன்று சாயங்காலமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன், வெங்காயக் காட்டைப் பற்றி முழுசாகச் சொன்னேன்.

அந்த வருடத் திருநாளில் பல வீட்டு அரிசியும் கம்பும் சோளமும் ஒன்றாகக் கலந்து வெந்தது. குழைந்தும் குழையாமலும் இருந்தது. அவ்வளவு ருசியான சோற்றை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. தீபாவளிக்குச் செங்கோடன் திரும்பி வந்ததும் நானே போய் அவன் என்ஜினைப் பிரித்து மாட்டி ஓட்டிக் கொடுத்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ரெண்டு வருடம் பேசவும் இல்லை. அது எனக்கு வேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டேன்.

நீ நேர்ந்தது ஒரே ஒரு வருடத்துக்குத்தான். மறுவருடத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் நானாகவே போனேன். எதுவும் கேட்டுப் போகவில்லை. வருடத்தில் ஏழு நாள் கை நீட்டி நின்றால்தான் மீதி நாளில் நான் மனுசனாக இருப்பேன் என்று எனக்கே தெரிந்துபோயிற்று. நீ அதைப் பார்த்துச் சிரித்தாயே தவிர, பெருமையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் எனக்குத் தலைக்கு ஏறிவிடும் என்று பயம் உனக்கு.

பிறகு உன் வயிற்றில் கட்டி வந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன அன்றே நான் உன் கட்டிலருகே வந்து, "இருபத்தியோரு ஊரு பிச்சை எடுக்கறன்னு நேந்துக்கறேன் மதலேனு" என்றேன். உனக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் என்னை முறைத்தாய்.

"பேரம் பேசாதீங்க. என்ன போடோணும்னு மேல இருக்கற ஊட்டுக்காரருக்குத் தெரியும். நீங்க கைய நீட்டிட்டு நில்லுங்க, அவரு போடறத வாங்கிக்குங்க."

"ஒண்ணும் போடலைன்னா?"

நீ கண்ணை மூடிக்கொண்டாய். ஐப்பசி மழையில் ஒரு காலை நேரத்தில் நீ போய்விட்டாய். கடைசி நேரத்து அவஸ்தைப்பூசுதல் பெற்று, சாமியாருக்குக் கும்பிடு போட்டு, அமைதியாகத்தான் போனாய். அமைதி இல்லாமல் போனவன் நான்.

எத்தனையோ வாசலில் இல்லை என்றார்கள், நகர்ந்தேன். ஆண்டவருடைய வாசலில் மட்டும் எனக்கு நகரத் தெரியவில்லை. பூசைக்குப் போனேன், கடைசியில் நின்றேன், பாதியில் வெளியே வந்தேன். உனக்குத் தெரியாத சேதி, பூசை இப்போதெல்லாம் லத்தீன் இல்லாமல் முழுக்கத் தமிழில் ஆகிவிட்டது. சாமியார் நம்மைப் பார்த்து நின்று சொல்கிறார், ஒவ்வொரு வார்த்தையும் புரிகிறது. புரியாமலே இருந்திருந்தால் எனக்குத் தேவலை. ஆண்டவருடைய சித்தம் என்று எல்லோரும் ஒன்றாகச் சொல்லும் இடம் வந்தால் நான் வாயை இறுக்கிக்கொள்வேன்.

வேறு சேதி கேட்கிறாயா? கரண்டு நம் பக்கமெல்லாம் வந்துவிட்டது. கிணற்றுக்குக் கிணறு மோட்டார். எனக்கு மோட்டார் தெரியாது. வாசலில் வண்டி நிற்பதில்லை. அரிசிக்கு ரேஷன் கடையில் வரிசை, நானும் பையோடு நிற்கிறேன். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து நம் மகள், "இங்க வந்துருங்கப்பா" என்று எழுதிக்கொண்டே இருக்கிறாள். திருநாள் முடியட்டும் என்று பதில் போட்டிருக்கிறேன். எந்தத் திருநாள், போக மாட்டேன் என்று சொன்ன திருநாளா என்று எனக்கே சிரிப்பு.

நேற்று மத்தியானம் வாசலில், "இருக்கறீங்களா மேஸ்திரி?" என்று குரல். பாவாயியம்மா. தலையில் ஒரு சிறு மூட்டை. தலையெல்லாம் நரைத்துவிட்டது, ஆனால் ரெண்டு மைல் வெயிலில் நடந்து வந்திருக்கிறார்.

"இந்த வருசம் நீங்க வரமாட்டீங்கன்னு சொன்னாங்க. அதானுங்க நானே கொண்டாந்துட்டேன். எறக்கி வெய்யுங்க."

"நான் இந்த வருசம் எடுக்கலீங்க."

"ஏனுங்க?"

"மதலேனக் கேட்டேன். குடுக்கலீங்க."

அவர் மூட்டையைத் தானே இறக்கி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க ஊட்டுக்காரரு இந்த வாசல்ல மூணு நாளு நின்னாருங்க. நீங்களுந்தான் எந்திரிச்சு வரல. அதுக்காவ நான் உங்க மடியக் காலியா அனுப்புனனுங்களா?"

எனக்குப் பழைய கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நானும் ஆண்டவரும் ஒண்ணுங்களா?" என்று கத்திவிட்டேன்.

"அதத்தானுங்க நானும் கேக்கறேன்" என்றார், குரல் உயரவே இல்லை. "நீங்க ஏன் வரலைன்னு எங்களுக்கு நல்லாத் தெரியும். உங்க சாமி ஏன் குடுக்கலைன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

"தெரிஞ்ச தப்புக்கே நான் கம்பு போட்டேன். தெரியாத ஒண்ணுக்குப் போயி நீங்க மொகத்தத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கறீங்க."

பார்த்தாயா மதலேன்? ஞானஸ்நானம் பெறாத அந்த அம்மா கேட்டதை, ஜெபப் புத்தகம் முழுசும் மனப்பாடமாக இருக்கிற எனக்கு ஏழு மாதத்தில் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. செங்கோடனுக்கு நான் மறுத்தது திமிரினால். அது எனக்குத் தெரியும். ஆண்டவர் எனக்கு மறுத்ததற்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் என் திமிரையே அவருக்கும் மாட்டிவிட்டு, அவர்மேல் கோபித்துக்கொண்டிருந்தேன். இதைவிடப் பெரிய திமிர் உண்டா? நீயே சொல்.

எழுந்து போய் அந்த மூட்டையைத் தூக்கி, திரும்ப அவர் தலையிலேயே ஏற்றிவிட்டேன். அவர் திகைத்துப்போனார்.

"ஏனுங்க, வாங்கிக்க மாட்டீங்களா?"

"ஊட்டுக்குக் கொண்டாந்து குடுத்து நான் வாங்குனா, மறுபடியும் பழைய மேஸ்திரி ஆயிருவேனுங்க. நாளன்னிக்கு உங்க வாசலுக்கு நானே வாரேன். அப்பப் போடுங்க."

பாவாயியம்மா சிரித்துவிட்டார். "அதுக்கு நான் இத மறுபடியும் ரெண்டு மைலு சொமக்கோணுமா, சாமி?" என்று கேட்டுக்கொண்டே, சிரித்தபடி சுமந்துகொண்டு போனார்.

அவர் தெருமுனை திரும்பிய பிறகு கதவைக்கூடச் சாத்தாமல் முழங்காலில் நின்றேன். நீண்ட ஜெபம் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, மதலேனை நீரே வைத்துக்கொள்ளும். இனி நான் திருப்பிக் கேட்க மாட்டேன்" என்றேன். சொல்லி முடித்தபோது அழுகை வந்தது. அழுதேன். ஏழு மாதத்தில் உனக்காக நான் கோபம் இல்லாமல் அழுதது நேற்றுத்தான். அழுது முடித்து எழுந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. எனக்கு இனிப் பயம் இல்லை மதலேன். நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியும், யார் கையில் இருக்கிறாய் என்றும் தெரியும்.

நாளை காலை கிளம்புகிறேன். ஊர் வரிசையை மட்டும் இந்த வருடம் மாற்றிக்கொள்கிறேன், முதல் ஊர் பாவாயியம்மா ஊர். ரேஷன் காலம், இல்லை என்கிற வாசல்கள்தான் அதிகம் இருக்கும். ஒன்றையும் தாண்டிப் போக மாட்டேன். இல்லை என்று யார் சொன்னாலும் கும்பிட்டு நகர்வேன். ஆண்டவரே இல்லை என்றாலும் கும்பிட்டு நகர்வேன், மறுநாள் காலையில் திரும்பவும் அவர் வாசலிலேயே போய் நிற்பேன். போன வாசலுக்கு இன்னொரு தடவை போகக் கூடாது என்ற உன் சட்டம் அவர் வாசலுக்கு மட்டும் செல்லாது. இது என் வாக்கு.

இப்படிக்கு,
நீ கேட்காமலே நேர்ந்துவிட்டு, தெருவில் இறக்கி மனுசனாக்கிய
உன் ஊட்டுக்காரன்,
சூசை